முட்டித் தேய்மானத்துக்கு வாக்கிங் ஸ்டிக்: வலிக்கு எவ்வளவு, தடுமாற்றத்துக்கு எவ்வளவு

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். பொருள் ரொம்பச் சாதாரணமானதுதான்: உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அலுமினிய வாக்கிங் ஸ்டிக், அடியில் ஒரே ஒரு ரப்பர் புஷ், மேலே டி வடிவப் பிடி. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்த வடிவத்தில் வருகிற எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சரக்குதான், பிடியிலும் பூட்டிலும் ரப்பரிலும்தான் வித்தியாசம், அதைத்தான் விவரமாக எழுதப் போகிறேன். எனக்கு வலது முட்டியில் தேய்மானம், உட்பக்கம் அதிகம், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிற நிலை. அதே நிலையில் இருப்பவர்களுக்கு இது உதவும். ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்கும், பக்கவாதத்திலிருந்து தேறுகிறவர்களுக்கும் கணக்கே வேறு, அவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்டிக் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அவ்வளவு வலியா?" வலி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வலி குறைவாக இருக்கிற நாளில்கூடக் காலை நம்ப முடியவில்லையே, அதற்கு என்ன செய்வது? நடந்துகொண்டே இருக்கும்போது முட்டி ஒரு நொடி சட்டென்று மடங்கும், விழமாட்டோம், பக்கத்திலிருக்கிற சுவரையோ மேசையையோ பிடித்துச் சமாளித்துவிடுவோம், ஆனால் அன்று முழுக்க ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்துத்தான் வைப்போம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைக் கேட்டால் பலரும் இதைச் சொல்வார்கள், எக்ஸ்ரே இதைக் காட்டாது.

ஏன் இப்படி ஆகிறது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கியபோதுதான் ஸ்டிக் எதற்கு என்பதே எனக்குப் பிடிபட்டது. முட்டியில் நீர் கோத்து வீக்கம் வந்தால், கொஞ்சம் வந்தால்கூட, முன்தொடைத் தசைக்குப் போகிற உத்தரவை நரம்பு மண்டலம் தானாகவே மட்டுப்படுத்திவிடும். நாம் முழுப் பலம் கொடுக்க நினைத்தாலும் தசை முழுதாக இறுகாது. வலிக்குப் பயந்து காலைப் பயன்படுத்தாமல் விட்டதில் ஏற்கனவே அந்தத் தசை மெலிந்திருக்கும், அதற்கு மேல் இதுவும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நம் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அந்தத் தகவலை அனுப்புகிற நரம்பு முனைகள் மூட்டைச் சுற்றிய தசைநார்களிலும் உறையிலும் மெனிஸ்கஸிலும் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கிற குருத்தெலும்பு) தசைகளிலும் இருக்கின்றன. தேய்மானம் வந்த மூட்டில் அந்தத் தகவல் தெளிவாக வருவதில்லை. ஆக, தாங்குகிற தசையும் சரியில்லை, சேதி சொல்கிற நரம்பும் சரியில்லை. தடுமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உடம்பு இதைத் தன் போக்கில் சமாளிக்கப் பார்க்கும். தொடையின் முன் தசையையும் பின் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்து முட்டியைக் கட்டை போல ஆக்கிவிடும். அடி சின்னதாகும், நடை மெதுவாகும், இரண்டு காலும் தரையில் இருக்கிற நேரம் கூடும். முட்டி நன்றாக மடங்காமல் காலை வீசுவதால் விரல் நுனி மிதியடி ஓரத்திலோ தரையில் கிடக்கிற வயரிலோ தட்டும். பார்க்கிறவர்களுக்கு இது "வயசான நடை", அவ்வளவுதான்.

அன்றாட வேலைகளில் எங்கே மாட்டிக்கொள்கிறோம் என்று எழுதினால் வெளியே இருப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். நேராக, சமதளத்தில், பகல் வெளிச்சத்தில் நடப்பது ஒரு பிரச்சினையே இல்லை. பேன்ட் போடுவதுதான் பிரச்சினை, ஒற்றைக் காலில் நிற்கிற அந்த இரண்டு விநாடி. முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பது பிரச்சினை. மூட்டு தர வேண்டிய தகவல் மங்கிப்போன பிறகு கண்ணைத்தான் நம்பி நிற்கிறோம், கண்ணையும் மூடினால் எதைப் பிடித்து நிற்பது? ராத்திரி விளக்குப் போடாமல் எழுந்து போவதும் இதே கதைதான். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்புவது இன்னொன்று, பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும், அந்த முறுக்கு முழுக்க முட்டியில் விழும். அப்புறம் யாராவது பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, நடைக்கே அவ்வளவு கவனம் செலவாகிறது.

உட்கார்ந்து எழுகிறபோது முதல் நாலைந்து அடி தனிக் கதை. தேய்மானத்தில் காலை நேர இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், ஆனால் ஒவ்வொரு முறை கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழும்போதும் அதன் சின்னப் பதிப்பு ஒன்று திரும்ப வரும். சோபா தாழ்வாக இருந்தால் இன்னும் மோசம், தாழ்வான இருக்கையிலிருந்து எழத்தான் முட்டி அதிகம் வேலை செய்ய வேண்டும்.

சரி, ஸ்டிக்குக்கு வருவோம்.

எந்தக் கையில் பிடிப்பது என்பதில் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் நான் வாங்கிய பெட்டியின் மேலேயே தப்பாகத்தான் படம் போட்டிருக்கிறார்கள். படத்தில் இருக்கிறவர் வலது முட்டியில் பட்டை கட்டியிருக்கிறார், ஸ்டிக்கையும் வலது கையிலேயே பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எனக்கு வலது முட்டி, ஸ்டிக் இடது கையில். காரணம் எளிது: வலது காலில் நிற்கும்போது உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு நேர் மேலே இருப்பதில்லை, கொஞ்சம் இடது பக்கமாக, உள்ளே தள்ளி இருக்கிறது, அதனால்தான் முட்டியின் உட்பக்கம் அதிக நசுக்கலை வாங்குகிறது. இடது கையால் தரையை அழுத்தினால் அந்த உள்பக்க இழுப்பில் ஒரு பங்கைக் கை ஏற்றுக்கொள்கிறது. போதாததற்கு வலது கால் முன்னே போகும்போது இடது கைதான் இயல்பாகவே முன்னே வீசும், ஸ்டிக் அந்தத் தாளத்திலேயே போய்விடும். "ஸ்டிக்கை முன்னாடி தூக்கிப் போட்டுட்டு அப்புறம் அதைத் தேடி நடக்காதீங்க சார், வலிக்கிற காலோட சேர்ந்தே அதுவும் இறங்கட்டும்" என்றார் பிசியோ. இந்த ஒரு வாக்கியத்தை அச்சடித்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போடலாம். இரண்டு முட்டியும் வலித்தால், அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்க் கை.

உயரம். வழக்கமாகப் போடுகிற செருப்போடோ ஷூவோடோ நிமிர்ந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால், பிடியின் மேல்பக்கம் மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், 15 முதல் 30 டிகிரி வரை என்று சொல்வார்கள். உயரம் கூடினால் தோள் மேலே ஏறிக் கழுத்து வலிக்கும், குறைந்தால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து இடுப்பு வலிக்கும். ஸ்டிக் வாங்கிய பிறகு "தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு, இது சரியில்லை" என்கிறவர்களில் பாதிப் பேர் உயரத்தைச் சரிபார்த்தாலே போதும் என்பது என் சந்தேகம். இந்த மாடலில் ஓட்டைகள் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, எனக்குச் சரியாக அமைந்தது, இரண்டு ஓட்டைக்கு நடுவில் மாட்டுகிற உயரக்காரர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

பூட்டு: உள்குழாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு பட்டன், அது வெளிக்குழாயின் ஓட்டையில் வந்து உட்காரும், அதன் மேல் இறுக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். பட்டன் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊன்ற வேண்டும், அரைகுறையாக மாட்டியிருந்தால் பாரம் விழுந்ததும் குழாய் உள்ளே இறங்கிவிடும். வளையத்தை இறுக்கவில்லை என்றால் ஒவ்வொரு அடிக்கும் கடக் கடக் என்று சத்தம் வரும். சத்தம்கூடப் பரவாயில்லை, அந்த மெல்லிய ஆட்டம் கைக்குத் தெரிகிறது, தடுமாற்றத்துக்காக வாங்கிய பொருளே ஆடினால் மனசு எப்படி நம்பும்? இந்த வளையம் சில வாரங்களில் தானாகத் தளர்கிறது, அவ்வப்போது திருகிவிட வேண்டியிருக்கிறது. குறைந்த நட்சத்திரத்தில் பாதி இதற்கு.

பிடி நன்றாக இருக்கிறது. வளைந்த கொக்கிப் பிடி பார்க்க அழகு, கையில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் உள்ளங்கையின் ஒரே இடத்தில் பாரம் விழும். டி வடிவத்தில் பாரம் பரவுகிறது, தண்டும் கைக்கு நேர் கீழே வருவதால் ஊன்றும்போது திருகிக்கொள்வதில்லை. விரல் மூட்டுகளிலும் வலி உள்ளவர்கள் உள்ளங்கை அச்சில் அகலமாக வார்த்த பிடியைப் பார்க்கலாம், ஆனால் அது இடக்கைக்குத் தனி, வலக்கைக்குத் தனி, தெரியாமல் மாற்றி ஆர்டர் செய்தால் எதற்கும் ஆகாது.

ரப்பர் புஷ்தான் இதில் உயிர்நாடி, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அடியில் வட்ட வட்டமாக வரிகள் இருக்கும், அவை மழுங்கினால் வழவழப்பான தரையில் பிடிக்காது. நான் வாங்கியதோடு வந்த புஷ் கெட்டியான, கொஞ்சம் பிளாஸ்டிக் தன்மையுள்ள ரகம், காய்ந்த தரையில் சரி, ஈரத்தில் வழுக்கியது. மிருதுவான ரப்பரில் தனியாக வாங்கிப் போட்ட பிறகு வேறு ஸ்டிக் மாதிரி இருக்கிறது. நட்சத்திரத்தின் மீதிப் பாதி போனது இங்கேதான். மாற்று வாங்கும்போது குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள், 19 மில்லிமீட்டர் பரவலாகக் கிடைக்கிற அளவு, ஆனால் எல்லா ஸ்டிக்கும் அதே அளவு கிடையாது. உள்ளே உலோக வட்டு வைத்தது என்றால் குழாய் ரப்பரைக் குத்திக் கிழிக்காது.

படியில் எப்படி? ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஸ்டிக்கும் வலிக்கிற காலும். இறங்கும்போது ஸ்டிக்கும் வலிக்கிற காலும் முதலில், நல்ல கால் பின்னால். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி இருந்தால் அதை விடவே கூடாது. ஏறுவதை விட இறங்குவதுதான் பயம், மேல் படியில் நிற்கிற கால் மடங்கிக்கொண்டே மொத்த உடம்பையும் மெதுவாக இறக்க வேண்டும், அந்த வேலை முன்தொடைத் தசையுடையது, அதுதான் ஏற்கனவே மெலிந்து கிடக்கிறதே. சமதளத்தில் நடக்கும்போதே முட்டிக்குள் உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது, படி இறங்கும்போது மூன்று மடங்கையும் தாண்டும். இந்தக் கணக்கில்தான் எடைக் குறைப்பைப் பற்றி டாக்டர்கள் ஓயாமல் பேசுகிறார்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறையும்.

இனி இது எங்கே உதவாது என்று சொல்லியாக வேண்டும். ஒரு கை போய்விடுகிறது, இதுதான் பெரிய விலை. இரண்டு கையும் வேண்டிய வேலையில், பாத்திரம் தூக்குவது, துணி காயப்போடுவது, குழந்தையை எடுப்பது, ஸ்டிக் ஓரமாகச் சாய்ந்து கிடக்கும், அதுவும் ஒழுங்காகச் சாய்ந்து நிற்காமல் தடாலென்று விழும், அதைக் குனிந்து எடுப்பது இன்னொரு வேலை. அந்த நேரங்களுக்கு ஸ்டிக் தீர்வே இல்லை. பாத்திரத்தைத் தூக்காமல் மேடையிலேயே நகர்த்துவது, பாதத்தைத் தூக்கி வைத்துச் சின்னச் சின்ன அடியாகத் திரும்புவது, பேன்ட்டைக் கட்டிலில் உட்கார்ந்து போடுவது, இவைதான் தீர்வு. குளியலறையில் ஸ்டிக்கை நம்பவே வேண்டாம், சுவரில் திருகாணி போட்டு முடுக்கிய கைப்பிடிக் கம்பி வேண்டும். உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற கப் வைத்த கம்பிகளையும் விற்கிறார்கள், எப்போது கழன்றுவரும் என்று சொல்ல முடியாத ஒன்றில் மொத்த உடம்பையும் தொங்கவிட நான் தயாரில்லை. நாற்காலியிலிருந்து எழவும் ஸ்டிக்கை ஊன்றி எழக்கூடாது, அது சாயும். நாற்காலியின் நுனிக்கு வந்து, பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, கைகளால் கைப்பிடியை அழுத்தி, முன்னால் குனிந்து எழுந்த பிறகுதான் ஸ்டிக்.

கூடவே விற்கப்படுகிற மற்ற பொருட்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் முழங்கால் உறை இதமாக இருக்கும், தோலை அழுத்திக்கொண்டே இருப்பதால் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு கொஞ்சம் கூடும், சிலருக்கு நம்பிக்கை வரும். மூட்டில் விழுகிற பாரத்தை அது குறைக்காது. பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுகிற, பக்கவாட்டில் கீல் வைத்த பிரேஸ் வேறு, அதை அளவெடுத்துப் பொருத்த வேண்டும், நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். நான்கு கால் ஸ்டிக் தானாக நிற்கும், அது ஒன்றுதான் லாபம். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையில் படுகிற மாதிரி மெதுவாக நடந்தால்தான் அது உறுதி, நம்மைப் போல ஓரளவு வேகமாக நடக்கிறவர்களுக்கு முன்னும் பின்னும் ஆடும், குறுகலான படியில் அதை வைக்கவும் இடம் இருக்காது. முட்டித் தேய்மானத்துக்கு மட்டும் என்றால் ஒற்றைக் கால் போதும்.

மாத்திரை டப்பாக்கள் பற்றி ஒரு வரி. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி என்ற மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதலில் முட்டித் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, டாய் சீ என்ற மெதுவான சீனப் பயிற்சி இவற்றோடு ஸ்டிக்கையும் உறுதியாகப் பரிந்துரைத்திருக்கிறார்கள், வலிக்காக மட்டுமில்லாமல் நடையும் மூட்டின் நிலைத்தன்மையும் பாதிக்கப்பட்டிருந்தாலும் பயன்படுத்தலாம் என்று. அதே பட்டியலில், மூட்டுக்கு நல்லது என்று டப்பாவில் விற்கிற குளுக்கோசமைன் மாத்திரை வேண்டாம் என்றும் அதே உறுதியோடு இருக்கிறது. ஆனால் விளம்பரம் எதற்கு அதிகம் வருகிறது என்று பாருங்கள். 2019 கணக்குப்படி உலகத்தில் 36.5 கோடிப் பேருக்கு முட்டித் தேய்மானம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, அத்தனை பேரையும் நோக்கித்தான் அந்த டப்பாக்கள் உருள்கின்றன.

வாங்கிய புதிதில் ஸ்டிக்கோடு நடந்தால் மூச்சு வாங்குகிறது, சோர்வாக இருக்கிறது என்று சிலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது உண்மையான அனுபவம்தான். ஸ்டிக் பயன்பாட்டைச் சோதித்த ஓர் ஆய்வில் முதல் மாதத்தில் நடக்கச் செலவாகும் சக்தி கூடியது, இரண்டாம் மாத முடிவில் உடம்பு பழகிவிட்டது. ஆகவே ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இதற்கு மேல் ஒன்று உண்டு, அது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஸ்டிக் தசையை வளர்க்காது. பயிற்சி இல்லாமல் ஸ்டிக்கை மட்டும் நம்பினால் அடுத்த வருடம் இரண்டு ஸ்டிக் வேண்டியிருக்கும். டென்மார்க்கில் 2013-இல் ஆரம்பித்துப் பல நாடுகளுக்குப் பரவிய கிளாட் என்ற திட்டத்தில், நோயைப் பற்றிய விளக்க வகுப்புகள் இரண்டும், ஆறு வாரத்தில் மேற்பார்வையோடு 12 பயிற்சிகளும் கொடுக்கிறார்கள். வெறும் பலப் பயிற்சியோடு நிறுத்தாமல், எழும்போதும் படி ஏறும்போதும் முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கப் பழக்குவதுதான் அதன் மையம். அந்த வகுப்பு கிடைக்காதவர்கள் தங்கள் பிசியோவிடம் இதே மாதிரி கேட்கலாம். எனக்குக் கொடுக்கப்பட்டது: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து அதைவிட மெதுவாக உட்காருவது, சமையல் மேடையை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்பது. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், செய்தால் தொடை நடுங்கும். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி என்றார்கள்.

ஸ்டிக் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். வயதானவர்களுக்கு இதில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், டாக்டரிடமோ பிசியோவிடமோ அதைச் சொல்ல வேண்டும். முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போவது, திடீரென்று சிவந்து சுட்டு வீங்குவது, காய்ச்சலோடு வலிப்பது, இதற்கெல்லாம் ஸ்டிக்கைத் தேடாமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும். தலைசுற்றித் தடுமாறினால் அதற்கு முட்டி காரணமே இல்லை, அதற்கும் அப்படித்தான்.

வாங்குவதாக இருந்தால் மிருதுவான ரப்பர் புஷ் இரண்டு சேர்த்தே ஆர்டர் செய்துவிடுங்கள், கூடவே மணிக்கட்டில் மாட்டுகிற கயிறு ஒன்றும். கயிற்றைக் கடையில் நிற்கும்போது, சாவி தேடும்போது மாட்டிக்கொள்ளலாம். படியில் மட்டும் கழற்றிவிடுங்கள், ஸ்டிக் நழுவினால் அது கையையும் சேர்த்து இழுக்கும்.